யாம் கடலாடிய கதை

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று மலர்க் குழுவினர் விடுத்த திருமுகம் எம் கைக்குக் கிடைத்தபொழுது, தமிழாசிரியர் என்ற முறையில் யாதேனும் ஓர் இலக்கிய ஆராய்ச்சியையே யாம் அனுப்புவோமென அவர்கள் எதிர்பார்த்திருப்பர். எமக்கும் முதலில் அவ்வாறே தோன்றியது. ஆயின், தாளை விரித்து எழுதுகோலைத் திறந்ததும் எம் உள்ளம் சங்ககாலத்துக்குச் செல்லவில்லை. சென்ற மார்கழி விடுமுறையில் யாமும் எம் இல்லாளும் கொழும்பு மாநகரிற் கழித்த பத்து நாள்களையே அது சுற்றிச் சுற்றி வந்தது. மணமாகிப் பதினேழு ஆண்டுகளில் யாம் இருவரும் சேர்ந்து சென்ற முதலாவது விடுமுறைப் பயணம் அதுவே. ஆதலின் அதனையே எழுதத் துணிந்தோம். இதனை ஒரு கதையாகவும், முடிவில் ஒரு விண்ணப்பமாகவும் கொண்டு அன்பர்கள் பொறுமையுடன் படிப்பார்களாக.

எம் ஊர் பொல்பிட்டிய. மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில், தேயிலைக்கும் காட்டுக்கும் இறப்பர் மரங்களுக்கும் இடைநடுவே அமைந்த ஊர் அது. காசல்ரீயிலிருந்து வரும் கெசல்கமுவ ஓயாவும், மவுசாக்கலையிலிருந்து வரும் மஸ்கெலியா ஓயாவும் எம் ஊரின் அயலிலே கூடிக் களனி கங்கை என்னும் பெயரைப் பெறுகின்றன. இந்நீரினின்று மின்சாரம் எடுக்கலாம் என்பதைப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். 1950இல் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது; 1969இல் எம் ஊர் மின்நிலையம் 75 மெகாவாற்று ஆற்றலோடு எழுந்தது. இங்ஙனம், இரவும் பகலும் நீரின் ஓசையைக் கேட்டுக்கொண்டே வாழ்பவர் எம்மவர். ஆயினும் லயங்களிற் பிறந்து வளர்ந்தோருள் நீந்தத் தெரிந்தவர் மிகச் சிலர். ஆறு குளிப்பதற்கும் துவைப்பதற்கும் உரியது. அதற்கு அப்பால் அது அஞ்சுதற்குரியது. பிள்ளைகளுக்கு யாம் கற்பித்ததும் அவ்வளவே.

யாமும் அவ்வாறே வளர்ந்தோம். நம் கல்லூரி விடுதியிலே தங்கிக் கற்ற காலத்தில், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நண்பர்கள் கூட்டமாகக் கடலுக்குச் செல்வர். கரையோர ஊர்களிலிருந்து வந்த அவர்களுக்கு அலையும் ஆடுகளமும் ஒன்றே. எமக்கோ ஒவ்வொரு ஞாயிறும் தவறாமற் சளி பிடித்துவிடும். சட்டைகளையும் கைக்கடிகாரங்களையும் குவித்து, அக்குவியலுக்கு எம்மைக் காவல் வைத்துவிட்டு அவர்கள் நீரிற் பாய்வர். ‘கரைகாவலர்’ என்று எமக்கு ஒரு பட்டமும் சூட்டினர். அந்நண்பர்களுட் சிலர் இம்மலரைப் படிப்பர் என்பது எமக்குத் தெரியும். அன்பர்களே, அது சளியன்று; அச்சமே. இத்தனை ஆண்டு கழித்தாயினும் உண்மையைக் கூறிவிட்டோம்.

அந்த அச்சம் நகைப்புக்குரியதாகவே இருந்து கழிந்திருக்கலாம். 2013ஆம் ஆண்டில் அது அவ்வாறன்றி வேறாயிற்று.

கொட்டகலை ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சி முடித்து, தோட்டப் பாடசாலையொன்றில் யாம் தமிழ் கற்பித்து வந்த காலம் அது. எமக்கு மக்கட்பேறு வாய்க்கவில்லை, மாணாக்கரே மக்களாயினர். ஒன்பதாம் வகுப்பிற் பயின்ற சிறுவன் ஒருவன் மாலைதோறும் எம் வீட்டுத் திண்ணைக்கு வந்து படிப்பான். கையெழுத்து முத்துப்போல் இருக்கும். அவ்வாரத்தில் யாம் வகுப்பிற் கூறியது ஆட்டனத்தி ஆதிமந்தி வரலாறு. கழார்ப் பெருந்துறையிற் புனலாடிய கணவனைக் காவிரி கவர்ந்து செல்ல, கரைவழியே கடல்வரை தேடிச் சென்றாள் ஆதிமந்தி. கதை முடிந்ததும் அச்சிறுவன் எழுந்து, “சார், நம்ம ஆறும் கடலுக்குத்தான் போகுதா?” என்று கேட்டான். ஆம் என்றோம்.

ஞாயிறன்று பிற்பகல் மேல்மலையிற் பெய்த மழையால் ஆறு கலங்கிப் பெருகியது. கூக்குரல் கேட்டு யாம் கரைக்கு ஓடினோம். நடு ஆற்றுப் பாறையொன்றைப் பற்றிக்கொண்டிருந்தான் அவன். அடுத்த தோட்டத்து இளைஞன் ஒருவன் ஓடிவந்து பாய்வதற்குள் பாறை வெறும் பாறையாய் நின்றது. மாலை மங்குமுன் கீழ்த்துறையில் உடலை எடுத்தனர்.

எட்டாம் நாள் அவன் தாய், கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு எம் வாயிலில் வந்து நின்றார். “சார், நீங்க அப்ப அங்கன இருந்தீங்கல்ல?” என்று மட்டும் கேட்டார். “நான் வாறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு, தங்கச்சி” என்று விடையளித்தோம். அவ்விடை முழு உண்மையன்று. எஞ்சிய பகுதியைப் பின்னர்க் கூறுவாம்.

அதன்பின் பத்தாண்டு காலம் யாம் ஆற்றில் இறங்கவில்லை. குளிப்பது கிணற்றடியில், பாலத்தைக் கடக்கும்பொழுது பார்வை மறுபக்கம். இதனை எம் இல்லாள் அறிந்திருந்தார், வினவியதில்லை. சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒருநாள் இரவு, உணவு பரிமாறிக்கொண்டே, “ஏங்க, லீவுக்குத் தம்பி வீட்டுக்குப் போவோம். நான் இன்னும் கடலைப் பார்த்ததில்ல. அங்க நீச்சல் சொல்லிக் குடுக்கிறாங்களாம். நீங்களும் பழகுங்க, நானும் பழகுறேன்” என்றார். ஏற்கெனவே தீர்மானித்துவிட்ட ஒன்றை அறிவிக்கும் குரல் அது. சிலப்பதிகாரத்திலே கடலாடச் சென்ற கோவலனும் மாதவியும் பிரிந்து மீண்டனரென்று வகுப்பிற் கற்பிப்பவர் யாம்; அதனை எடுத்துக்காட்டித் தப்ப முயன்றோம். “அவங்க பாட்டுப் பாடித்தானே பிரிஞ்சாங்க? நீங்க பாடாம வாங்க” என்று விடை வந்தது.

புறப்பட்ட நாளிற் பஸ் வண்டியின் இடப்பக்க இருக்கையோ வலப்பக்க இருக்கையோ என்று பார்த்து, ஆறு தெரியும் பக்கமாக இல்லாள் அமர்ந்துகொண்டார். எம் ஊர்ச் சந்தியிலிருந்து அவிசாவளை வரை செல்லும் வீதி பெரும்பாலும் ஆற்றின் தோழன். கித்துல்கலையில் ஆற்றின்மேல் மிதவைப் படகுகளிற் பாறைகளினூடே பாய்ந்து செல்லும் உல்லாசப் பயணிகளைக் கண்டோம். ‘குவாய் நதிமேற் பாலம்’ என்னும் பொருள்படும் பெயரோடு 1957இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆங்கிலத் திரைப்படத்துக்காகப் பாலம் கட்டி அழித்ததும் அவ்விடத்திலேதான். எட்டியாந்தோட்டை, கரவனல்லை, அவிசாவளை என ஊர்கள் கழியக் கழிய ஆறு அகன்றது; ஓசை அடங்கியது; நிறம் மாறியது. அம்பத்தலையில் அந்நீரைத் தூய்மையாக்கியே கொழும்பு மக்களுக்குக் குடிநீராக அனுப்புகின்றனர். அன்று மாலை வெள்ளவத்தையிலுள்ள மைத்துனர் வீட்டிற் குழாயைத் திறந்து முகம் கழுவிய இல்லாள், “நம்ம தண்ணிதான்” என்று கூறிச் சிரித்தார். விளக்கைப் போட்டபொழுதும் அதையே கூறினார்.

மைத்துனர் எம் திட்டத்தைக் கேட்டு, “மச்சான், இந்த வயசுல நீச்சலா?” என்று வியந்தார். ஆயினும் மறுநாட் காலை அவரே எம்மைக் காலிமுகத்திடலுக்கு அழைத்துச் சென்றார். ஆள்பதி சேர் ஹென்றி வார்டு காலத்தில், 1859ஆம் ஆண்டில் அமைத்து முடிக்கப்பெற்றது அத்திடல்வழிப் பாதை. கொழும்புப் பெண்டிர் பிள்ளைகள் நலனுக்காக அதனைப் பேணவேண்டுமென்று தமக்குப்பின் வருவோரை வேண்டி அவர் கல்லில் எழுதிவைத்தார். அந்தப் பெண்டிருள் ஒருவராக, நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட தாமதத்தோடு, எம் இல்லாள் அங்கு நின்றார். நெடுநேரம் பேசவில்லை. பின்னர்ப் படியிறங்கி, அலை நுரையை ஒரு விரலால் தொட்டு நாவில் வைத்துப் பார்த்தார். “ஆத்துத் தண்ணி இவ்வளவு வந்து சேர்ந்தும் இனிக்கலையே” என்றார். கடலுக்கு ‘முந்நீர்’ என்று ஒரு பெயர் உண்டு. ஆற்றுநீர், ஊற்றுநீர், மழைநீர் என்னும் மூன்றும் சேர்ந்தமையால் அப்பெயர் வந்ததென உரைகாரர் கூறுவர். இதனை எத்தனையோ ஆண்டு கரும்பலகையில் எழுதியிருக்கின்றோம். இல்லாளின் பேச்சைக் கேட்ட அக்கணமே அச்சொல்லின் பொருளை யாம் முதன்முதல் எண்ணிப் பார்த்தோம்.

நீச்சற் பாடம் அன்று பிற்பகலே தொடங்கியது. ஆடவர்க்கு ஒரு வேளை, மகளிர்க்கு வேறொரு வேளை. எமக்கு வாய்த்த ஆசான் வடபகுதிக் கரையோரத்திற் பிறந்து வளர்ந்த முதியவர். எம்மோடு பழகியவர் எல்லாரும் எட்டு, ஒன்பது வயதுச் சிறார்கள். நாற்பதைக் கடந்த தமிழாசிரியர் ஒருவர், இடுப்பளவு நீரிற் குளத்தின் விளிம்பை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு நிற்பதைக் கண்ட ஒரு சிறுமி, “மாமா, பயப்பிடாதீங்க, இது சின்னக் குளம்” என்று எமக்குத் தேறுதல் கூறினாள். மாணாக்கராதல் எத்துணைத் தாழ்வான, எத்துணை நல்ல நிலை என்பதை ஆசிரியர் ஒவ்வொருவரும் பத்தாண்டுக்கு ஒருமுறையேனும் உணர்தல் வேண்டும்.

முதல் மூன்று நாளும் யாம் நீரை அடித்தோம். நீர் எம்மை விழுங்கியது. நான்காம் நாள் ஆசான் அருகே வந்து, “மாஸ்ரர், தண்ணியோட சண்டை பிடியாதேங்கோ. அது உங்களைத் தாங்கத்தான் பாக்குது. நீங்கள்தான் விடுறியள் இல்லை” என்றார். மூச்சை நிரப்பி, தலையைப் பின்னே சாய்த்து, காதுகளும் நீருள் அமிழ மல்லாந்து படுக்கச் செய்தார். அதன் காரணத்தையும் விளக்கினார். நுரையீரல் நிறையக் காற்றுள்ள மனித உடல் நீரைவிடச் சற்றே இலேசானது. எனவே இயல்பாகவே மிதக்கும். அஞ்சியவன் தலையையும் கைகளையும் நீருக்கு மேலே உயர்த்துகின்றான். உயர்த்திய பாரமே அவனைக் கீழே அழுத்துகின்றது. உப்புள்ள கடல்நீர் நன்னீரைவிடக் கனமானது. அதனால் அது ஆற்றைக் காட்டிலும் எளிதாகத் தாங்கும். இவ்வளவே சூத்திரம். இதனை அறிய எமக்கு நாற்பதாண்டுக்கு மேலாயிற்று. ஐந்தாம் நாள் யாம் மிதந்தோம். மகளிர் வேளையில் இல்லாள் இரண்டாம் நாளே மிதந்துவிட்டார் என்பதை, அவர் கூறாமலே மைத்துனர் மனைவியின் முகக்குறிப்பால் அறிந்தோம்.

ஓய்வு வேளைகளில் ஆசான் கடல்வீரர் கதைகள் கூறுவார். 1954இற் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த நவரத்தினசாமி, 1971இல் அந்நீரிணையை இந்தியக் கரைக்கும் மீண்டும் இலங்கைக் கரைக்குமாக 51 மணி நேரத்தில் நீந்திய ஆழிக்குமரன் ஆனந்தன் ஆகிய வீரர் இருவரையும் அவர் தெய்வங்களைப் போற்றுவதுபோற் போற்றுவார். ஆனந்தன் 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்று அந்நீரிலேயே உயிர் நீத்ததையும் மறைக்கமாட்டார். “நீந்தத் தெரிஞ்சவனுக்கும் தண்ணிக்கு மரியாதை வேணும். பயம் வேற, மரியாதை வேற, மாஸ்ரர்” என்பார். அச்சொல் எம் நெஞ்சிற் பதிந்தது.

அச்சொல்லின் உண்மையை வேறோரிடத்திலும் கண்டோம். ஆறாம் நாள் தெகிவளை விலங்குச்சாலைக்குச் சென்றோம். ஜோன் ஹேகன்பெக் என்னும் ஜேர்மன் விலங்கு வணிகர் தொடக்கிய அவ்விடத்தை 1936இல் அரசாங்கம் பொறுப்பேற்றது. யானை, ஒட்டகச்சிவிங்கி முதலியவற்றைப் பார்த்து வந்த இல்லாள் சிறுத்தையின் கூட்டின்முன் நின்றவர் அப்பாற் செல்லவில்லை. இலங்கைக்கே உரிய கிளையினம் அது. இத்தீவில் அதனை வெல்லும் விலங்கு வேறில்லை. எம் தேயிலை மலைகளிலும் அது வாழ்கின்றது. விடியற்காலையில் மலைக்குச் செல்லும் பெண்கள் அதன் அடிச்சுவட்டைக் கண்டு கூட்டமாக நடப்பர். இரவில் லயத்து நாய் காணாமற் போகும். அதன் பெயரைக் கேட்டு நடுங்கிய யாம் இருவரும் அதன் முகத்தை முதன்முதலாகக் கண்டது கொழும்பிலேதான். அது எம்மைப் பார்த்தது. பின்னர் எம்மால் ஒரு பயனும் இல்லையென்பதுபோற் கண்ணை மூடிக்கொண்டது. “இதுக்கு நாம பயந்ததைவிட நமக்கு இது பயந்ததுதான் அதிகமா இருக்கும்” என்றார் இல்லாள்.

அவர் கூறியது மெய்யே. சிறுத்தை மனிதரை வலிந்து தாக்குதல் அரிது. மனிதராலேயே அது மிகுதியாக மடிகின்றது. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில், நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டமொன்றிலே கம்பிக் கண்ணியில் அகப்பட்ட அரிய கருஞ்சிறுத்தை ஒன்று சில நாள்களில் இறந்துபோனதை நாடறியும். காட்டுப்பன்றிக்கென்று வைக்கும் கண்ணி ஆள் பார்த்து இறுகுவதில்லை. எம் மாணாக்கரின் தந்தையருள் அத்தகைய கண்ணி வைப்போர் உளர் என்பதை யாம் அறிவோம். அறிந்தும் வகுப்பில் ஒரு சொல்லும் கூறியதில்லை. அக்கூட்டின்முன் நின்றபொழுது அதற்காக வெட்கினோம்.

மறுநாள் கோட்டையிலுள்ள பெத்தகான ஈரநிலப் பூங்காவில், மரப்பலகைப் பாதை வழியே நடந்து நீர்க்காகங்களையும், கூழைக்கடாக்களையும், நாவை நீட்டிக்கொண்டு நீந்தும் பெரிய நீருடும்பையும் பார்த்தோம். இத்தகைய சதுப்பு நிலங்களைப் பேணுவதற்காகக் கொழும்புக்கு 2018இல் ‘ஈரநில நகரம்’ என்னும் சர்வதேசச் சான்று கிடைத்தது. மாடிவீடுகளுக்கு நடுவே, இச்சதுப்புகளில் மீன்பிடிப்பூனை என்னும் காட்டுவிலங்கு இரவில் உலாவுகின்றதாம். அது எம் கண்ணுக்கு அகப்படவில்லை. இலட்சக்கணக்கான மக்கள் அதன் அயலிலே வாழ்ந்தும் அதனை அறியார் என்று கேட்டபொழுது, பக்கத்தில் வாழ்வதை அறியாதிருத்தல் மலைநாட்டார்க்கு மட்டும் உரிய குறையன்று என்று சிறிது ஆறுதல் கொண்டோம்.

எட்டாம் நாள் குளத்தின் அகலத்தை ஒருவாறு கடந்தோம். ஒன்பதாம் நாட் காலை கல்கிசைக் கடற்கரைக்குச் சென்றோம். ஆள்பதி மேற்லண்ட் 1806இல் எழுப்பிய மாளிகை நின்ற குன்று அருகே தெரிந்தது. யாம் முன்னாளில் நண்பர்தம் சட்டைகளுக்குக் காவலிருந்ததும் இக்கடற்கரை வரிசையிலேதான். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அக்கடல் கொந்தளிக்கும். மார்கழியில் அது அடங்கியிருக்கும். ஆயினும் ஆசான் கூறியவாறு, செங்கொடி நாட்டப்படவில்லை என்பதையும், உயிர்காப்போர் காவலில் இருப்பதையும் உறுதிசெய்துகொண்டே இறங்கினோம். கரையிலிருந்து உள்நோக்கி இழுக்கும் நீரோட்டத்தில் அகப்பட்டால் அதனை எதிர்த்துக் கரைக்கு நீந்தலாகாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அவ்வோட்டத்தைவிட்டு விலகியபின்னரே கரைக்குத் திரும்பவேண்டும் என்பதையும் அவர் கற்பித்திருந்தார். மார்பளவு நீரில், இல்லாளின் கை எம் முதுகின்கீழ் இருக்க, மல்லாந்து படுத்தோம். சிறிது நேரத்தில் அக்கை அங்கு இல்லை என்பதை உணர்ந்தோம். கடல் எம்மைத் தாங்கியது. செவியில் நீரோசை, கண்ணில் வானம். அப்பொழுது யாம் அழுதோம். முகமெல்லாம் உப்பு நீராதலின் அது வெளியே தெரியவில்லையென்று எண்ணினோம், இல்லாளுக்குத் தெரிந்திருந்தது.

அன்று மாலை இல்லாள் இன்னோரிடம் பார்க்கவேண்டுமென்றார். களனி கங்கை கடலோடு கலக்கும் இடம் அது. ஆற்றின் முகத்துவாரம் அமைந்தமையாலேயே அப்பகுதிக்கு முகத்துவாரம் என்று பெயர். காக்கைதீவுக் கடற்கரையில் நின்று பார்த்தோம். 145 கிலோமீற்றர் ஓடிக் களைத்த ஆறு, யாம் அறிந்த ஆற்றின் சாயலே இன்றி, அகன்று கலங்கி அசைந்தது. அதன்மேற் பிளாஸ்டிக் போத்தல்களும், ஓர் உரப்பையும், வாழைத்தண்டும் மிதந்து வந்தன. நம்ம ஆறும் கடலுக்குத்தான் போகுதா என்று கேட்டவனை எண்ணினோம். பத்தாண்டாக யாரிடமும் கூறாத ஒன்றை அங்கு நின்று இல்லாளிடம் கூறினோம்.

அன்று யாம் கரையை அடைந்தபொழுது எல்லாம் முடிந்திருக்கவில்லை. அவன் பாறையைப் பற்றியிருந்தான், எம்மைக் கண்டான், “சார்” என்று அழைத்தான். யாம் முழங்காலளவு நீரில் இறங்கினோம். நீர் காலை இழுத்தது. யாம் திரும்பிக் கரையேறினோம். அதன் பின்னரே அவ்விளைஞன் ஓடிவந்தான்.

இல்லாள் நெடுநேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்குத் தெரியும்” என்றார் பின்னர். “அன்னைக்கு உங்க சாரம் முழங்கால் வரைக்கும் நனைஞ்சிருந்துச்சு. நான்தானே துவைச்சேன்.” அதற்குமேல் ஒன்றும் கூறவில்லை. பஸ் நிலையத்துக்கு நடக்கும் வழியில், “அவன் அம்மாகிட்டச் சொல்லுங்க” என்று மட்டும் கூறினார்.

ஊர் திரும்பிய மறுநாளே சென்றோம். அத்தாய் லயத்து வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். நின்றவாறே உள்ளதை உள்ளவாறு கூறினோம். அவர் கோடரியைக் கீழே வைத்தார். எம் முகத்தைப் பார்க்கவில்லை. “பத்து வருசம் கழிச்சு வந்து சொல்றீங்களே, சார்” என்றார். சற்று நேரம் கழித்து, “இறங்கியிருந்தா ரெண்டு பேரா போயிருப்பீங்க” என்றார். அது மன்னிப்பா, கணக்கா என்பதை யாம் இன்றுவரை அறியோம். தேநீர் தரவில்லை, எம்மை இருக்கச் சொல்லவும் இல்லை. அதுவே முறையென்று எண்ணித் திரும்பினோம்.

மாசி மாதத்தில் மழை ஒழிந்து ஆறு வற்றிய காலத்தில், பெற்றோர் சிலரைக் கூட்டி எம் எண்ணத்தைக் கூறினோம். மின்நிலையத்து நீர் திடீரென வந்து சேரும் இடங்களையெல்லாம் விலக்கி, பாறைகள் அரணாக நிற்க இடுப்பளவே ஆழமுள்ள ஒரு பக்க மடுவைத் தெரிந்தெடுத்தோம். நன்றாக நீந்தத் தெரிந்த தோட்டத்து இளைஞர் இருவர் துணைக்கு வந்தனர். அன்று பாய்ந்த அவ்விளைஞனும் அவர்களுள் ஒருவன். நீண்ட கயிறொன்று, இறுக மூடிய வெற்றுப் பிளாஸ்டிக் கலன்கள் சில, ஒருவேளைக்கு ஆறு பிள்ளைகள் மட்டும், பெற்றோர் கரையில். மேல்மலை இருண்டிருந்தால் அன்று பாடமில்லை. யாம் முதலிற் கற்பிப்பது நீந்துவதன்று, மிதப்பது. இரண்டாவதாகக் கற்பிப்பது, நீரில் ஒருவர் தத்தளித்தால் உடனே பாய்வதன்று. கூவி ஆளழைப்பது, கயிறெறிவது, கோல் நீட்டுவது, கலனை வீசுவது. அன்று எம் கையில் ஒரு கயிறு இருந்திருந்தால், எம் கோழைத்தனத்தோடு கூடியே யாம் அவனைக் காத்திருக்கலாம். இதனை எண்ணாத நாளில்லை.

மூன்றாம் ஞாயிறு, ஏழாவதாக ஒரு சிறுவன் கரையில் வந்து நின்றான். இறந்தவனின் தம்பி அவன். அண்ணன் மறைந்தபொழுது நடைபழகிய குழந்தை. பின்னால் அவன் தாய் நின்றார். “இவனையும் சேர்த்துக்குங்க, சார்” என்றார். பாடம் முடியும்வரை பாறையில் அமர்ந்து, கயிற்றின் நுனியைத் தம் கையிற் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார். யாரும் அவரிடம் அதனைக் கொடுக்கவில்லை, தாமாகவே எடுத்துக்கொண்டார். இன்றுவரை அவ்விடம் அவருக்கு உரியதாயிருக்கின்றது.

இனி எம் விண்ணப்பத்தைக் கூறி முடிப்பாம். 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 3,00,000 பேர் நீரில் மூழ்கி இறந்தனரென உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. அவர்களுட் பெருந்தொகையினர் சிறாரும் இளைஞருமே. அவ்வாண்டிலேயே ஐக்கிய நாடுகள் சபை, ஆடித் திங்கள் 25ஆம் நாளை நீரில் மூழ்குதலைத் தடுக்கும் உலக நாளாக அறிவித்தது. தீவொன்றில், ஆறும் குளமும் கடலும் சூழ வாழும் நாம், பிள்ளைகளுக்கு எண்ணும் எழுத்தும் கற்பிப்பதோடு, நீரில் ஐந்து நிமிட நேரம் மல்லாந்து மிதக்கவும் கற்பித்தல் கூடாதா? நம் கல்லூரியிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு மாணவனும் மிதக்கத் தெரிந்தவனாகவும், கயிறெறியத் தெரிந்தவனாகவும் வெளியேற ஒரு வழி காணுமாறு பழைய மாணவர் சங்கத்து அன்பர்களை வணங்கி வேண்டுகின்றோம். இதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. நீந்தத் தெரிந்த பழைய மாணவர் சிலரும், சில ஞாயிற்றுக்கிழமைகளும் போதும். எம்மைக் கரைகாவலர் என்றழைத்த அந்நண்பர்களே இதனை முன்னின்று நடத்துவாராயின் பெரிதும் மகிழ்வோம். அவர்கள் சட்டைகளுக்குக் காவலிருக்க யாம் இன்றும் ஆயத்தமாயுள்ளோம். ஆயின் இம்முறை கையில் ஒரு கயிற்றோடு இருப்போம்.

கல்லூரி அன்னை நீடு வாழ்க.